ஆயில் போர்ட்ரெய்ட் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் வார இறுதியில் ஆயில் போர்ட்ரெய்ட், அதாவது எண்ணெய் வண்ணத்தில் முகம் வரைவதைக் கற்றுத்தரும் பட்டறை எதையாவது தேடிக்கொண்டிருக்கிறீர்களா? ஜிபே பண்ணுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள். நான் 9,500 ரூபாய் கட்டினேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தது நான் வரையாத ஒரு படம். அதுவும் இப்போது கெட்டுக்கொண்டிருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் நடத்தியவர்களின் பெயரை இங்கே சொல்லவில்லை.

விளம்பரத்தில் சொன்னது: எதிரே மாடல் உட்காருவார், உயர்தர வண்ணங்கள் கட்டணத்திலேயே அடக்கம், சனி ஞாயிறு இரண்டே நாளில் உங்கள் வீட்டுப் பெரியவரின் முகத்தை உங்கள் கையாலேயே வரைவீர்கள். என் அம்மாவை வரைய வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. அவருடைய போட்டோவை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

போனால் மாடல் யாரும் இல்லை. கேட்டதற்கு, “அவங்களுக்கு உடம்பு சரியில்ல மேடம், அதான் போட்டோ இருக்கே” என்றார்கள். கான்வாஸைப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. நாங்கள் அனுப்பிய போட்டோவையே மங்கலாகத் துணியில் அச்சடித்து வைத்திருந்தார்கள். கோடு போட வேண்டாம், அளவு பார்க்க வேண்டாம். அச்சின் மேல் வண்ணத்தை நிரப்ப வேண்டியதுதான்.

முகம் வரைவதில் பாதிப் படிப்பு அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. கையை நீட்டி, பிரஷ் காம்பால் நெற்றிக்கும் மூக்குக்கும் உள்ள தூரத்தை அளப்பது, கண்ணை இடுக்கி வெளிச்சம் எது நிழல் எது என்று இரண்டே பகுதியாகப் பிரித்துப் பார்ப்பது, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைன் என்ற கரைப்பானில் நீர்க்கக் கரைத்து முதல் அடுக்கில் நிழலை மட்டும் போட்டு வைப்பது. இவை எதையும் சொல்லித்தரவில்லை.

எனக்கு ஆறாத கோபம் அடுத்த விஷயத்தில்தான். எல்லோருக்கும் ஒரே டப்பாவிலிருந்து ‘ஸ்கின் கலர்’ என்று ஒரு வெளிர் ரோஸ் கலவையை ஊற்றினார்கள். என் அம்மா நல்ல கறுப்பு. கறுத்த தோலில் வெளிச்சம் விழும் இடம் ஜன்னல் வழி வானத்தின் நீலத்தை வாங்கிக் குளிர்ச்சியாகத் தெரியும். நிழலுக்குள் செம்மண் நிறச் சூடு இருக்கும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அல்ட்ராமரைன் நீலம், யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள், கொஞ்சம் வெள்ளை. இவற்றைப் பேலட்டில், அதாவது வண்ணத் தட்டில் குழைத்து, ஒவ்வொரு தொடுகையிலும் மாற்றி மாற்றித்தான் அந்த நிறத்தைப் பிடிக்க முடியும். 2021-ல் கொரோனாவில் நாம் இழந்த ஓவியர் இளையராஜா வரைந்த பெண்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். நம் ஊர் முகங்களின் மாநிறத்தையும் கறுப்பையும் எவ்வளவு ஒளியோடு வரைந்திருக்கிறார்! இங்கே அம்மாவின் கன்னத்தில் ரோஸ் நிறத்தை அப்பச் சொன்னார்கள். நான் மறுத்தபோது மாஸ்டர் சொன்ன பதில்: “கொஞ்சம் ஃபேரா இருந்தா ஹால்ல மாட்ட நல்லா இருக்கும் மேடம்.” ஓவியம் சொல்லித்தருகிறேன் என்று பணம் வாங்கியவர் பேசும் பேச்சா இது?

ஞாயிறு மதியத்துக்குப் பிறகு மாஸ்டரும் அவருடைய உதவியாளர்களும் வரிசையாக எங்கள் கையிலிருந்த பிரஷை வாங்கி, கண், உதடு, முடி எல்லாவற்றையும் தாங்களே முடித்தார்கள். பிறகு படத்தை எங்கள் கையில் கொடுத்து நிற்கவைத்து வீடியோ எடுத்தார்கள். அடுத்த வகுப்புக்கு விளம்பரம் அதுதான்.

அன்று மாலையே பளபளப்புக்காக வார்னிஷையும் அடித்தார்கள். இது பெரிய தவறு. ஆயில் பெயின்ட் தண்ணீர் வற்றுவதுபோல் உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. டாமர் என்ற மரப்பிசின் வார்னிஷ் போன்ற வழக்கமானவற்றுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுக்கச் சொல்வார்கள். ஈரத்தின் மேல் மூடிவிட்டால் அடியில் இறுகாமல் கிடக்கும், பின்னால் வெடிப்பு விடும். அம்மாவின் கூந்தலுக்குக் கறுப்பை வேறு தடிமனாக அப்பியிருந்தார்கள். ஐவரி பிளாக் என்ற கறுப்பு மிக மெதுவாக உலரும் நிறம். மழைக்காலம் வந்ததும் அந்த இடம் கையில் ஒட்டத் தொடங்கியது, தூசி படிந்துவிட்டது. நெற்றி ஓரம் இப்போதே சுருங்கியிருக்கிறது.

கூடவே ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஜன்னல் மூடிய ஏசி ஹாலில் டர்பன்டைன் கிண்ணங்களைத் திறந்து வைத்திருந்தார்கள். பலருக்குத் தலைவலி. அதைவிட மோசம், எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் திணித்திருந்தார்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றி மூடிய தகர டப்பாவில் போட வேண்டும். வீட்டில் வரைகிறவர்களும் இதை மறக்காதீர்கள்.

இப்போது ஓய்வுபெற்ற ஒரு ஓவிய ஆசிரியரிடம் போகிறேன், 1850-ல் தொடங்கிய நம் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். வெளிச்சமும் நிழலும் பழக முதலில் கரித்துண்டும் விளக்கடியில் ஒரு முட்டையும்தான் கொடுத்தார். என் கான்வாஸை அவர் தொடுவதே இல்லை. தப்பைக் காட்ட வேண்டுமென்றால் தனிக் காகிதத்தில் வரைந்து காட்டுவார். ராஜா ரவிவர்மாவுக்கு, திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியடோர் ஜென்சன், தான் வரைவதைப் பார்க்க மட்டுமே அனுமதி கொடுத்தார் என்பார்கள். அப்படிப் பார்த்துக்கூடக் கற்றுக்கொள்ளலாம். நம் கையிலிருந்து பிரஷைப் பிடுங்கிக்கொண்டால் என்ன கற்பது?

அதனால் எங்கே சேர்ந்தாலும் முன்பே எழுத்தில் கேளுங்கள். மாடல் நிச்சயமா, வராவிட்டால் என்ன? கான்வாஸ் வெறுமையாக இருக்குமா? வண்ணம் லேபிளோடு டியூபில் வருமா? என் படத்தில் வேறு யார் கை வைப்பார்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் போகாதீர்கள். பொருட்களுக்கென்று தனியாகப் பெரிய தொகை கேட்டாலும் யோசியுங்கள். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் பெயரால் வழங்கும் பேலட்டில் வெள்ளை, யெல்லோ ஆக்கர், வெர்மிலியன் என்ற சிவப்பு, ஐவரி பிளாக் என நான்கே நிறங்கள்தான். தொடங்குகிறவருக்கு அதுவே போதும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “படம் கொடுத்தாச்சே மேடம்” என்று சொல்லிவிட்டு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே மனுக்கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். என்னோடு அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் இதைப் பார்த்தால், பணம் கட்டிய ரசீது, விளம்பர ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். கான்வாஸின் பின்பக்கத்தையும் ஓரத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். அச்சடித்த மை அங்கே தெளிவாகத் தெரிகிறது.