முர்காப் வேட்டை முகாம்: துப்பாக்கி இல்லாமல் போய் வந்தவனின் மதிப்பீடு

தஜிகிஸ்தானின் கிழக்கே, பாமீர் மேட்டு நிலத்தில், முர்காப் ஊரைத் தாண்டி மார்கோ போலோ ஆட்டு வேட்டைக்கு ஆள் கூட்டிப்போகும் முகாம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். நான் வேட்டைக்காரன் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீடியோ எடுப்பவன். துபாயில் கப்பல் சாமான் வியாபாரம் செய்யும் எங்கள் காசிமேட்டு அண்ணன் ஒருவர், "தம்பி, நான் சுடுறத நீதான்டா படம் புடிக்கணும்" என்று கூட்டிப்போனார். பணம் கட்டியது அவர். நான் கேமராவோடு கூடவே இருந்து பார்த்தேன். வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள் சிலர் இந்த மாதிரிப் பயணத்துக்கு விசாரிக்கிறார்கள், துணைக்கு ஒரு தம்பியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். குறைகளும் சொல்லப்போவதால் முகாமின் பெயரை விட்டுவிடுகிறேன்.

இந்த முகாமுக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுக்கக் காரணம், அங்கிருந்த தலைமை வழிகாட்டி "வேண்டாம்" என்று சொன்ன தடவைகள்தான். அதை விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஆட்டைப் பற்றிக் கொஞ்சம்.

இது ஆர்கலி என்ற காட்டுச் செம்மறி இனத்தின் ஒரு கிளை. 13ஆம் நூற்றாண்டில் பாமீர் வழியாகப் போன மார்கோ போலோ இதன் கொம்பைப் பற்றி எழுதி வைத்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. 1841இல் எட்வர்ட் பிளைத் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அறிவியல் பெயர் வைத்தார். கிடா 100 கிலோவுக்கு மேல் வளரும். கொம்பு ஒரு சுற்று சுற்றி வெளிப்பக்கமாக விரிந்து போகும். வளைவோடு சேர்த்து அளந்தால் பதிவானதில் மிக நீளமானது சுமார் 1.9 மீட்டர். ஓநாய்கள் கொன்ற ஆடுகளின் கொம்புகளைப் பனியில் வழி தெரிவதற்காகச் சாலையோரம் குவித்து வைப்பார்கள் என்று போலோ எழுதினார். பள்ளத்தாக்குகளில் இன்றைக்கும் அந்தக் கொம்புகள் ஆங்காங்கே கிடக்கின்றன.

நான் வால்பாறைப் பக்கம் வரையாட்டைப் படம் எடுத்திருக்கிறேன். மரபணு ஆய்வுகளின்படி நம் வரையாடு இமயமலைத் தார் ஆட்டைவிடச் செம்மறிக்கே நெருங்கிய சொந்தம். ஆனால் சுபாவம் வேறு. மலைச்சாலை ஓரத்தில் வரையாடு நம்மைக் கண்டுகொள்ளாமல் புல் மேயும். பாமீர் ஆடு ஒரு கிலோமீட்டர் தள்ளி நம்மைப் பார்த்தாலே கிளம்பிவிடும். மரம் கிடையாது, மறைவு கிடையாது, திறந்த வெளி. காற்று திரும்பி நம் வாடை போனால் அன்றைய வேலை முடிந்தது.

உயரத்தைப் பற்றிப் பயணம் கிளம்பும் முன்பே யோசிக்க வேண்டும். துஷான்பேயில் விமானம் இறங்கி, பஞ்ச் ஆற்றின் கரையோடு, எதிர்க்கரையில் ஆப்கானிஸ்தானைப் பார்த்துக்கொண்டே கோரோக் வரை போகிறோம். கோரோக் சுமார் 2,100 மீட்டர். அடுத்த கட்டத்தில் முர்காப், 3,600 மீட்டர். முகாம் 4,000க்கும் மேலே. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இந்தச் சாலையில் அதை அப்படியே கடைப்பிடிக்க வழியில்லை. அதனால் இந்த முகாம்காரர்கள் முர்காப்பில் தங்க வைத்துத்தான் மேலே ஏற்றினார்கள், அண்ணன் அவசரப்பட்டும் விடவில்லை. காலையும் மாலையும் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி எண்ணைக் குறித்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் சமையல் அறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. எங்கள் உறவில் ஒரு டாக்டர் ஊரிலேயே உயரத்தால் வரும் உபாதைக்கான அசிட்டசோலமைடு மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதல் இரவுகளில் தலைவலி இருந்தது, தூக்கம் விட்டு விட்டு வந்தது, பசியே இல்லை. ராயபுரம் கடற்கரையில் ஓடிப் பழகியதெல்லாம் அங்கே உதவாது. மெதுவாக நடப்பதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

இப்போது அந்த வழிகாட்டி. அறுபதைத் தாண்டிய கிர்கிஸ்காரர். நாங்கள் பெரியவர் என்றே கூப்பிட்டோம். நமக்கு வெறும் மண் மேடாகத் தெரியும் சரிவில் எந்த மடிப்பில் கிடாக்கள் படுத்திருக்கும் என்று சொல்லிவிடுவார். காசிமேட்டில் வயதான மீனவர்கள் தண்ணீர் நிறத்தைப் பார்த்தே வலையை எங்கே இறக்குவது என்று சொல்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கண் இவருக்கு மலையில் இருந்தது.

ஒரு காலை, பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் கிடாக்கூட்டம் தெரிந்தது. இனச்சேர்க்கைக் காலமான நவம்பர், டிசம்பர் வரும்வரை கிடாக்கள் பெட்டைகளை விட்டுத் தனிக்கூட்டமாகத் திரியும். அதில் ஒன்று மற்றதைவிடப் பெரிதாக, கொம்பு நன்றாக விரிந்து நின்றது. அண்ணன் துப்பாக்கியை எடுத்துவிட்டார். பெரியவர் முக்காலியில் தொலைநோக்கியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் காற்றில் ஏதோ எண்ணினார். அப்புறம் தலையை ஆட்டினார். கொம்பில் வருடத்துக்கு ஒரு வளையம் விழும். இந்தக் கிடாவுக்கு ஆறு வயது, அவ்வளவுதான். "இன்னும் ரெண்டு மூணு குளிர்காலம் போகட்டும், இந்தக் கூட்டத்துக்கு இவன்தான் வேணும்" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார்.

அண்ணனுக்குக் கோபம். "இன்னாடா இது, இவ்ளோ துட்டு கட்டிட்டு வேடிக்கை பாக்கவா வந்தேன்?" என்று என்னிடம் கத்தினார். பெரியவர் பதில் பேசாமல் தொலைநோக்கியைப் பையில் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். இந்த வேட்டைக்கு 30,000 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். அவ்வளவு பணம் கட்டியவரின் முகத்துக்கு நேராக மறுப்பது சின்ன விஷயம் இல்லை. சுட விட்டிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்து, இனாமும் கைக்கு வந்திருக்கும். அதற்குப் பின்னும் இதேபோல் தடுத்தார். ஒரு தடவை தூரம் அதிகம், காற்றும் பக்கவாட்டில் அடித்தது. காயம்பட்டு ஓடினால் தேட முடியாது என்றார்.

கடைசியில் கிடைத்தது நிஜமாகவே கிழட்டுக் கிடா. முதுகு தொய்ந்திருந்தது. வயதாக ஆகக் கொம்பு வளர்வது குறைவதால் அடிப்பக்கத்து வளையங்கள் நெருக்கி நெருக்கி இருக்கும், பத்துக்கு மேல் எண்ணினார்கள். முகாமுக்கு வந்த அன்றே அண்ணனை இலக்குப் பலகையில் சுடச் சொல்லித் துப்பாக்கியைச் சரிபார்த்திருந்தார்கள். காற்று மெல்லிசாக இருப்பதால் குண்டு ஊரில் சுடும்போது விழுவதைவிடக் குறைவாகத்தான் கீழே விழும், பழைய அளவை நம்பினால் மேலே போய்விடும். படுத்த வாக்கில் பையின் மேல் துப்பாக்கியை வைத்து ஒரே குண்டு. எனக்கு அந்த நிமிடம் மனம் கனத்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இறைச்சியில் ஒரு துண்டுகூட மலையில் விடவில்லை. முகாமுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே மேய்ப்பர் வீடுகளுக்கு வண்டியில் அனுப்பினார்கள்.

கேமராக்காரர்களுக்கு: 600 எம்எம் லென்ஸும் போதவில்லை. தொலைநோக்கியின் கண்ணாடியில் போனைப் பொருத்தி எடுத்ததுதான் உருப்படியாக வந்தது. வெயில் ஏறியதும் குளிரிலும்கூடக் கானல் ஆடும், அதனால் விடிந்தவுடன் எடுப்பதுதான் படம். முக்காலியின் நடுவில் பையைத் தொங்கவிட்டால் காற்றில் ஆடாது. பேட்டரிகளை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள். வெளியிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது கேமராவைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டு நுழைந்தால் ஈரம் படியாது.

சாப்பாடு பரவாயில்லை. ஷோர்போ என்ற இறைச்சிச் சாறு, பிலாவ், ரொட்டி, உப்பும் வெண்ணெயும் போட்ட பால் டீ. கெட்டித் தயிரை உருண்டையாகக் காயவைத்த குருத் எனக்குப் பிடித்துப்போய் ஊருக்கும் வாங்கி வந்தேன். அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், பருப்பு வேகவே வேகாது. அம்மா வற்புறுத்திக் கொடுத்தனுப்பிய சின்னக் குக்கரும் புளிக்காய்ச்சலும் எங்களைக் காப்பாற்றின. சமையல்கார அக்கா அந்தக் குக்கரைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், கொடுத்துவிட்டேன்.

இனி குறைகள். பெரிய குறை அடுப்பு. அறையைச் சூடாக்கத் தெரெஸ்கென் என்ற குத்துச்செடியை வேரோடு பிடுங்கி மூட்டை மூட்டையாக எரிக்கிறார்கள். அந்த வறண்ட மண்ணில் அது மெதுவாக வளரும் செடி. குளிர்காலத்தில் யாக்கும் காட்டு ஆடும் அதைத்தான் தின்கின்றன. சோவியத் ஒன்றியம் உடைந்து நிலக்கரி வரத்து நின்றபின், 1992 முதல் 1997 வரை நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்தில், பாமீர் மக்கள் பிழைப்பதற்காக இந்தச் செடியையும் பிடுங்கினார்கள், ஆட்டையும் இறைச்சிக்காகச் சுட்டார்கள். ஏழ்மையில் செய்ததற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு வேட்டைக்கு இவ்வளவு வாங்கும் முகாம் நிலக்கரி வாங்கலாம், சூரிய மின் தகடு போடலாம். ஆட்டைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதன் தீனியை எரிப்பது தவறு. அதை அவர்களிடம் நேரிலேயே சொன்னேன்.

இரண்டாவது, பணம் எங்கே போகிறது என்ற கேள்வி. பாகிஸ்தானில் வேட்டைக் கட்டணத்தில் 80 சதவீதம் அந்த ஊர்ச் சமூகத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. இங்கே ஊருக்கு எவ்வளவு என்று கேட்டால், வேலை கொடுக்கிறோம், இறைச்சி கொடுக்கிறோம் என்கிறார்கள். கணக்கு வரவில்லை. ஊருக்குப் பணம் போனால்தான் மேய்ப்பர்கள் திருட்டு வேட்டையைத் தடுப்பார்கள் என்பது என் எண்ணம். பெரியவரின் கவனத்துக்குப் பின்னாலும் இந்த வேட்டையில் அவருக்கு வரும் சம்பளம் இருக்கிறது.

மூன்றாவது, இடையில் இருந்த முகவர். அந்த மாகாணமான கோர்னோ-பதக்‌ஷானுக்கு விசாவோடு தனி அனுமதியும் வேண்டும். அண்ணனுக்கு வாங்கியவர் துணைக்கு வந்த எனக்கு வாங்க மறந்துவிட்டார், துஷான்பேயில் வீணாக அலைந்தோம். இணைய விசா விண்ணப்பத்திலேயே அந்தக் கட்டத்தை டிக் செய்யலாம், நீங்களே செய்துவிடுங்கள்.

போக நினைப்பவர்கள் முன்பணத்துக்கு முன் கேட்க வேண்டியது: எத்தனை வயதுக்குக் கீழே சுட விடமாட்டீர்கள், முர்காப்பில் தங்க வைப்பீர்களா, அடுப்பில் என்ன எரிக்கிறீர்கள், ஊருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தில் பதில் வாங்குங்கள். முதல் கேள்விக்கே மழுப்பினால் அந்த முகாம் வேண்டாம். இனாம் கொடுப்பதாக இருந்தால் வழிகாட்டியின் கையில் நேராகக் கொடுங்கள், அண்ணன் கடைசியில் அப்படித்தான் கொடுத்தார்.