பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க கோவைக்கு இறங்கும் நீலகிரிக்காரர்களுக்கு

போன நவம்பரில் கோவையில் ஒரு யூஸ்டு கார் கடையில் 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வாங்கினேன். விலை 34 லட்சம். கோத்தகிரியில் அப்பாவும் நானும் பச்சைத் தேயிலை போட்டுச் சேர்த்த பணம் பாதி, பேங்க் லோன் பாதி.

2016-ல் இந்தியாவுக்கு வந்தபோது இதன் ஷோரூம் விலை சுமார் 65 லட்சம். ஐந்து லிட்டர் வி8 இன்ஜின். பாதி விலை என்றதும் மனசு தடுமாறிவிட்டது. "ஒரே ஓனர் சார், 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, டயர்கூட கம்பெனி டயர்" என்றார் கடைக்காரர். அவிநாசி ரோட்டில் ஓட்டிக் காட்டினார். மலையில் ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு இன்சூரன்ஸ் பிரச்சினை என்று தட்டிக்கழித்தார். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம், நல்ல மழை. மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தோம். இரண்டாவது கியரில் பிடித்துத்தான் வந்தேன். அப்படியும் குஞ்சப்பனை தாண்டியதும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பக்கத்தில் மனைவி, பின் சீட்டில் ஆறு வயது மகள். பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து, மலைப்பக்கமாக ஒதுக்கி எப்படியோ நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரமானது.

மெக்கானிக் தம்பி பிரேக் ஆயிலைப் பாட்டிலில் எடுத்துக் காட்டினார். டீ டிகாக்‌ஷன் நிறம். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். வருடக்கணக்கில் மாற்றாவிட்டால் நீண்ட இறக்கத்தில் சூடேறி அந்த ஈரம் ஆவியாகிவிடும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் அந்த ஆவிதான் சுருங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. சமதளத்தில் இது தெரியவே தெரியாது.

டயரையும் அவர்தான் பார்த்தார். "அண்ணா, இது கம்பெனி டயர்னு யார் சொன்னாங்க?" ஓரத்தில் டிஓடி எழுத்துகள் வரும் வரிசையின் கடைசியில் 2719 என்று இருந்தது. அதாவது 2019-ன் 27-வது வாரத்தில் தயாரான டயர். நாலிலும் அதே எண். வெறும் 14,000 கிலோமீட்டர் ஓடிய 2017 வண்டிக்கு நாலு டயரும் எதற்கு மாற்றினார்கள்? சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் பதிவை எடுத்தேன். 2021 மார்ச்சிலேயே 38,600 கிலோமீட்டர்.

கடையில் கேட்டதற்கு, "எங்களுக்கு வந்தப்பவே மீட்டர் அப்படித்தான் இருந்துச்சு. உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். கிலோமீட்டர் எழுத வேண்டிய இடம் காலி.

அந்த விலைக்குத் தகுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்து சதவீதம் சக்தியை இழக்கும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், ஊட்டி 2,240. கோவையில் முதுகை சீட்டோடு அழுத்திய இழுப்பு இங்கே இருக்காது. அதைக் கடைக்காரர் மேல் சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த வண்டி எனக்குப் பிடிக்கும். உண்மையான மீட்டரைக் காட்டியிருந்தால் 26 லட்சம் கொடுத்திருப்பேன், சந்தோஷமாக.

50 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். நான் ஊட்டியில் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வாங்கப் போனால் கிலோமீட்டரை அவர்கள் கையாலேயே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அட்வான்ஸ்கூட கொடுக்காதீர்கள்.