வீட்டில் செய்த ஆர்கேட் ஸ்டிக்கில் சன்வா லீவரும் பட்டன்களும்

சண்டை வீடியோ விளையாட்டுகளை ஆட, ஆர்கேட் ஸ்டிக் எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவிக்கு நானே மரப்பெட்டி செய்து, அதில் ஜப்பானின் சன்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் லீவரையும் ஓபிஎஸ்எஃப்-30 பட்டன்களையும் பொருத்தி ஆறு மாதங்களாக விளையாடி வருகிறேன். பெட்டியின் அழகில் சிக்கனம் காட்டலாம். விரல் படும் இந்த இரண்டில் காட்டவே கூடாது.

ஜேஎல்எஃப் லீவரின் அடியில் திசைக்கு ஒன்றாக நான்கு மைக்ரோஸ்விட்சுகளும், தண்டின் அசைவை வரையறுக்கும் சதுரத் தடுப்பும் உள்ளன. சதுரம் பழகாதவர்கள் உடனே எண்கோணத் தடுப்புக்கு மாற நினைப்பார்கள். நானும் மாறி, ஒரே வாரத்தில் சதுரத்துக்கே திரும்பினேன். மூலையில் தண்டு தங்கும்போது இரண்டு ஸ்விட்சுகள் ஒருசேர அழுந்துவதால், ஆட்டத்தில் என் பாத்திரம் குனிந்தபடி பின்வாங்கித் தடுக்கும் நிலையைக் கண்ணால் பார்க்காமலே கை கண்டுகொள்கிறது. தண்டு தடுப்பை முட்டுவதற்கு முன்பே ஸ்விட்ச் இயங்கிவிடும் என்பதால், விளிம்பை உரசிக்கொண்டே கால்வட்டம் (வட்டத்தின் கால் பங்கு) சுழற்ற வேண்டிய தேவையும் இல்லை. இதை உணர எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. உணர்ந்தபின் என் கையின் இறுக்கம் வெகுவாகத் தளர்ந்தது.

30 மி.மீ. பட்டன்கள் மிக மெல்லிய தொடுதலுக்கே இணங்குகின்றன. 1991-இல் வெளியான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்ற, மூன்று குத்தும் மூன்று உதையும் கொண்ட ஆட்டங்களில் இந்த மென்மை பெரும் பலம். ஆனால் இவை பக்கவாட்டுக் கொக்கிகளால் மெல்லிய தகட்டைப் பற்றிக்கொள்ளும் வகை. என் மேற்பலகை 12 மி.மீ. தடிமன் என்பதால் கொக்கிகள் பிடிக்காமல், ஒவ்வொரு துளையின் அடிப்புறத்தையும் குடைய நேர்ந்தது. தடித்த பலகையில் பொருத்துவோர் திருகு வளையம் கொண்ட ஓபிஎஸ்என்-30 வகையைத் தேர்வது நல்லது. லீவரின் அடியிலும் பலகையைக் குடைந்தாக வேண்டும். இல்லையெனில் தண்டு குட்டையாகிவிடும்.

அழுத்தங்களை ஆட்டத்துக்கு அனுப்ப முதலில் பூட்டிய மலிவான மின்பலகை வேகமான அழுத்தங்களில் சிலவற்றை விழுங்கியது. அதை எடுத்துவிட்டு, ராஸ்பெர்ரி பை பிக்கோ என்னும் சிறு மின்பலகையில் ஜிபி2040-சிஇ என்னும் திறமூல மென்பொருளை ஏற்றினேன். ஒவ்வொரு பட்டனின் ஒரு முனை பிக்கோவில் தனக்குரிய இணைப்புமுனைக்கும் (pin) மறுமுனை பொதுவான கிரவுண்ட் வயருக்கும் செல்வதால், இணைப்பு ஒரு மாலையில் முடிந்தது. நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் தோன்றும் தனிப்படம்) ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி, பிக்கோவின் தாமதத்தை என் கையால் உணரவே முடியவில்லை.

குறை ஒன்று உண்டு: லீவரின் ஸ்பிரிங் எனக்குச் சற்று இலகுவாகத் தோன்றுகிறது. அழுத்தமான ஸ்பிரிங் ஒன்றை மாற்றிப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.