நூலகத்தின் நாளை: நான்கு கட்டமா, நான்கு கதையா?

நூலகத்துக்கு 20 ஆண்டுத் திட்டம் போடச் சொன்னால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: போன சில வருடங்களின் வருகைக் கணக்கையும் இரவல் கணக்கையும் எடுத்து, அந்தக் கோட்டை அப்படியே முன்னால் இழுத்துவிடுவோம். அடுத்த வருட பட்ஜெட்டுக்கு அது போதும். அதற்கு மேல் தாங்காது. 2020-ல் உலகம் முழுக்க நூலகங்களின் கதவு மூடப்படும் என்று எந்தக் கோடும் சொல்லவில்லை. ஆகவே என்னைப் பொறுத்தவரை உண்மையான போட்டி, கற்பனைக் காட்சிகளை, அதாவது சினாரியோக்களை, வைத்துத் திட்டமிடும் இரண்டு முறைகளுக்குள்தான்.

முதலாவது நான்கு கட்ட முறை. 1970-களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் குழுவினர், எண்ணெய் விலை திடீரென எகிறினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள், 1973-ல் எகிறியது. சினாரியோ முறைக்குப் புகழ் வந்தது அப்படித்தான், நான்கு கட்டம் அதிலிருந்து பின்னால் பரவலான ஒரு வடிவம். நமக்குப் பிடிபடாத பெரிய கேள்விகள் இரண்டை எடுத்து, ஒன்றைக் குறுக்கேயும் மற்றதை நெடுக்கேயும் கோடாகப் போட வேண்டும். மின்னூல் நூலகத்துக்குச் சொந்தமா வாடகையா என்பது ஒன்று, மக்கள் நேரில் வருவார்களா வீட்டிலிருந்தே படிப்பார்களா என்பது இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும்போது நான்கு கட்டங்கள் கிடைக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு எதிர்காலத்தை எழுத வேண்டும்.

இந்த வாடகை விஷயம் வெறும் கற்பனை இல்லை. 2011-லேயே ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், நூலகம் வாங்கும் மின்னூலை 26 முறைதான் இரவல் தரலாம், அப்புறம் மறுபடி பணம் கட்ட வேண்டும் என்று விதி வைத்தது. அதை நினைத்துக்கொண்டு 'நேரில் வருகிறார்கள், எல்லாமே வாடகை' என்ற கட்டத்துக்குள் ஒரு நாளை எழுதிப் பாருங்கள். போன வாரம் பாதியில் நிறுத்திய புத்தகத்தைக் கேட்டு ஒரு பெண் கவுன்டரில் நிற்கிறாள், திரையில் 'உரிமம் முடிந்தது' என்று வருகிறது, எடுத்துக் கொடுக்க நூலகரின் கையில் ஒன்றுமே இல்லை. இந்த ஒரு காட்சி, எதை அச்சில் வாங்கி வைக்க வேண்டும் என்ற விவாதத்தையே மாற்றிவிடும்.

குறையும் உண்டு. எந்த இரண்டு கோடு என்பதை யார் தீர்மானிக்கிறார்களோ, அவர்கள் பயம்தான் நான்கு கட்டத்திலும் இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், நான்கிலும் நூலகம் எப்படியோ நிலைத்து நிற்கும் என்று நம்மை அறியாமலே எழுதிவிடுவோம். அமெரிக்க, கனடிய ஆராய்ச்சி நூலகங்களின் சங்கம் 2010-ல் 2030-ஐப் பற்றி நான்கு காட்சிகளை வெளியிட்டபோது நூலகத்தையே அவற்றில் காட்டவில்லை. ஆராய்ச்சி உலகத்தை மட்டும் எழுதி, 'இதில் உங்கள் இடம் எது?' என்ற கேள்வியை வாசிப்பவர்களிடம் விட்டது. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

இரண்டாவது, ஹவாய் பல்கலைக்கழகத்தின் எதிர்கால ஆய்வாளர் ஜிம் டேட்டர் வகுத்த நான்கு கதைகள்: வளர்ச்சி, சரிவு, கட்டுப்பாடு, உருமாற்றம். எதிர்காலம் இந்த நான்கில் ஒவ்வொரு வழியிலும் போனால் நூலகம் என்ன ஆகும் என்று ஒவ்வொரு தாளில் எழுத வேண்டும். இதில் கோடு தேட வேண்டியதில்லை, ஆனால் சரிவைத் தவிர்க்கவும் முடியாது. அக்டோபர் 2023-ல் பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் சைபர் தாக்குதல் நடந்து, அதன் ஆன்லைன் நூற்பட்டியல் திரும்பி வர அடுத்த ஜனவரி ஆகிவிட்டது. புத்தகம் அலமாரியில் இருக்கிறது, எந்த அலமாரி என்றுதான் தேட முடியவில்லை. அவ்வளவு பெரிய நூலகத்துக்கே அப்படி என்றால், இரண்டு பேர் வேலை செய்யும் நூலகம் இதை ஒரு முறையாவது எழுதிப் பார்க்க வேண்டாமா? இந்த முறையின் பலவீனம் உருமாற்றக் கதையில் தெரியும். செயற்கை நுண்ணறிவு என்று தொடங்கி, நாளைக்கு ஒரு வேலைக்கும் உதவாத கனவாக அது முடிந்துவிடுகிறது.

கட்டடம், மின்னூல் ஒப்பந்தம் என்று குறிப்பிட்ட ஒரு முடிவு எடுக்க வேண்டுமா, நான்கு கட்டம் போடுங்கள். கையில் இருப்பது ஒரே ஒரு மதியம் என்றால் நான் டேட்டர் பக்கம்தான், ஏனென்றால் யாரும் தானாக உட்கார்ந்து சரிவை எழுத மாட்டார்கள். புத்தகங்களைத் திருப்பி அடுக்குபவரையும், தினமும் வந்து உட்காரும் வாசகர் ஒருவரையும் கண்டிப்பாகக் கூப்பிடுங்கள். நான்கு தாள்களையும் எழுதி முடித்தபின் நான்கிலும் வரும் வேலைகளுக்கு மட்டும் அடிக்கோடு இடுங்கள். நூற்பட்டியலின் நகல் ஒன்றை இணையத்தோடு இணைக்காமல் தனியாக எடுத்து வைப்பது அநேகமாக அதில் இருக்கும். அதை மறுநாளே செய்துவிடலாம்.