முளைகட்டும் டப்பாவா, வலைமூடிப் பாட்டிலா? பறவை வளர்ப்போருக்கு எது உதவும்?

முளைகட்டுவதற்கென்று பாத்திரக் கடைகளில் விற்கும் அடுக்கு டப்பா, நம் சமையலுக்கு நல்ல பொருள். கூண்டுப் பறவைக்குத் தினை முளைகட்ட அது உதவாது. அட்டைப்பெட்டியில் ‘எல்லாத் தானியங்களுக்கும் ஏற்றது’ என்று அச்சிட்டிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டில் காக்டெயில் என்ற கொண்டையுள்ள சிறு கிளிகள் ஒரு ஜோடியும், லவ் பேர்ட்ஸ் என்று சந்தையில் விற்கும் பட்ஜிகளும் இருக்கின்றன. காய்ந்த தினையை மட்டுமே தின்று வளரும் பட்ஜிக்கு வைட்டமின் ஏ பற்றாக்குறை வரும். சூரியகாந்தி விதையே கதியென்று கிடக்கும் காக்டெயிலுக்குக் கொழுப்பு ஏறும். முளைகட்டிக் கொடுப்பதாலேயே அந்த வைட்டமின் குறை தீர்ந்துவிடாது; அதற்கு முருங்கைக்கீரையும் கேரட்டும் வேண்டும். ஆனால் விதையைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பறவையை ஈர உணவுக்குப் பழக்க முளையைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பார்ப்பதற்கு அது விதையாகவே இருக்கிறது, பறவை சந்தேகப்படுவதில்லை. இவ்விரு இனங்களும் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்தவை. அங்கே முற்றாத, பாலேறிய புல்மணிகளையும் தின்று பழகியவை. கூண்டில் அதற்குச் சற்றேனும் பக்கத்தில் வருவது முளைவிட்ட தானியம்தான்.

டப்பாவின் விலை 280 ரூபாய். மூன்று அடுக்கு, ஒவ்வொரு அடுக்கின் தரையிலும் துளைகள், அடியில் நீர் வடியும் தட்டு. பச்சைப்பயறு, கொண்டைக்கடலை போட்டால் குறையே சொல்ல முடியாது. மறுநாள் காலை அழகாக வால் விட்டிருக்கும். தினையைப் போட்டால் கதை வேறு. தினை மணி ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான். துளை வழியே நழுவி அடித்தட்டு நீரில் விழுந்து, அங்கேயே ஊறிப் புளிக்கிறது. துணி விரித்து அதன்மேல் போடலாம் என்பார்கள். துணியே எல்லா வேலையையும் செய்யுமென்றால் டப்பா எதற்கு? அதைவிட எனக்குக் கவலை தருவது துளைகளின் ஓரம். விரலால் தடவிப் பார்த்தால் வழவழவென்று ஒரு படலம் கையில் ஒட்டும். பிரஷ் அந்த இடுக்குக்குள் போவதில்லை. நம் வயிறு தாங்கிக்கொள்ளும் பாக்டீரியாவும் பூஞ்சையும் முப்பது நாற்பது கிராம் எடையுள்ள பட்ஜியைச் சாய்த்துவிடும்.

அதனால் நான் முழுமனதோடு பரிந்துரைப்பது, எஃகு வலை பொருத்திய மூடியுள்ள அகலவாய்க் கண்ணாடிப் பாட்டில். அரை லிட்டர் அளவு, மூடியோடு 420 ரூபாய். டப்பாவைவிட விலை அதிகம்தான். ஆனால் கண்ணாடியில் வாடை தங்காது, கொதிநீர் ஊற்றி அலசலாம், உள்ளே நடப்பது வெளியிலிருந்தே தெரியும். இரவு ஒரு மேசைக்கரண்டி தானியத்தைக் கழுவி ஊறவைக்கிறேன். எட்டு மணி நேரம் போதும். அதற்குமேல் நெடுநேரம் நீரில் மூழ்கிக் கிடந்தால் விதைக்கு மூச்சுவிடக் காற்றில்லாமல் முளைக்கரு செத்துவிடலாம். காலையில் மூடியைக் கழற்றாமலே நீரைக் கவிழ்த்து, புதுநீர் விட்டு அலசி, பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்துப் பாத்திரம் கவிழ்க்கும் கூடையில் வைக்கிறேன். ஈர விதைகள் கண்ணாடிச் சுவரில் மெல்லிய போர்வையாக ஒட்டிக்கொள்கின்றன. இந்தச் சாய்வு முக்கியம். நேராகக் கவிழ்த்தால் எல்லா விதையும் வலைமேல் குவிந்து காற்றோட்டம் அடைபட்டுவிடும்.

கம்பு முந்திக்கொள்ளும், ஒரே நாளில் வெண்புள்ளி தெரியும். தினைக்கு இன்னும் அரை நாளாவது கூடுதலாக வேண்டும். மணியின் நுனியில் உமியைப் பிளந்துகொண்டு வெள்ளையாக ஒரு முனை எட்டிப்பார்க்கிறதே, அதுதான் பறவைக்குக் கொடுக்க ஏற்ற பதம். நமக்குச் சுண்டல் செய்யும் பயறுபோல நீண்ட வால் தேவையில்லை.

மதுரை வெயிலில் இந்த வேலைக்குக் கண்டிப்பு வேண்டும். மற்ற மாதங்களில் காலை, மாலை, இரவு என்று மூன்று முறை அலசினால் போதும். அக்னி நட்சத்திர நாட்களில் மதியமும் ஒருமுறை அலசியே ஆக வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் அந்த வாரங்களில் விட்டுவிடுவதே நல்லது. மூடியருகே முகர்ந்தால் மழை நனைத்த புல்லின் வாசம் வர வேண்டும். புளித்த மாவின் வாடை லேசாக வந்தாலும், பிசுபிசுப்பு தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுகிறேன். கழுவிக் காப்பாற்றப் பார்ப்பதில்லை. கூண்டில் வைத்த கிண்ணத்தையும் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுகிறேன்.

பாட்டிலைவிட நான் அதிகம் அலைந்தது விதைக்குத்தான். சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டில் கிடைக்கும் தினையும் சாமையும் சோறாக்குவதற்கு உமி நீக்கித் தீட்டியவை. தீட்டும்போதே முளைக்கரு அடிபட்டுவிடுவதால் அவை பெரும்பாலும் முளைக்காது, அழுகும். கம்புக்கும் கேழ்வரகுக்கும் இந்தத் தொல்லை இல்லை. கதிரடிக்கும்போதே மணி உமியை விட்டு வந்துவிடும் இனங்கள் அவை. உமியோடு கூடிய தினையைக் கீழமாசி வீதியில் ஒரு தானியக் கடையில் வாங்குகிறேன். உமியோடு வேண்டும் என்றதுமே கடைக்காரர், “முளைப்பாரிக்காம்மா?” என்றார். “கிளிக்குஞ்சு மாதிரி சின்னப் பறவைக்கு, அண்ணே” என்றேன். உடனே மேலே இருந்த மூட்டையை விட்டுவிட்டு, உள்ளே போய் அந்த ஆண்டு அறுப்பில் வந்ததை அளந்து கொடுத்தார். முளைப்பாரிக்கு விதை கொடுத்துப் பழகிய கடைக்காரருக்குப் பழைய தானியம் முளைக்காது என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

உரக்கடையில் விதைப்புக்கு விற்கும் விதையை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். சிவப்போ இளஞ்சிவப்போ பூசியிருந்தால் அது விதை நேர்த்தி செய்தது, அதாவது பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்தது. கழுவினாலும் போகாது. சோளமும் நான் முளைகட்டுவதில்லை. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு விழுந்து செத்ததாகக் கிராமத்தில் கேட்டிருப்பீர்கள். அந்த இளங்குருத்தில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ராஜ்மா, மொச்சை போன்ற பெரிய பருப்புகளைப் பச்சையாகப் பறவைக்குக் கொடுக்கவே கூடாது. பயறு வகையில் பச்சைப்பயறு ஒன்றே போதும்.

பறவைகள் என்ன சொல்கின்றன? பட்ஜிகள் கிண்ணத்தின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, மணியை நாக்கால் உருட்டி, இளகிய உமியை ஒரே கடியில் உரித்துத் தள்ளுகின்றன. ஈர உமி அலகில் ஒட்டிக்கொள்ள, மரக்கட்டையில் இரு பக்கமும் தேய்த்துத் துடைத்துவிட்டு அடுத்த மணிக்குப் போகின்றன. ஆண் காக்டெயில் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. காய்ந்த விதையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவைத்த பிறகு, இப்போது பாட்டிலை நான் கையில் எடுக்கும் சத்தத்துக்கே கொண்டையை நிமிர்த்திக் கூப்பிடுகிறது. அன்றைக்கு எச்சம் கொஞ்சம் நீர்த்து வரும். ஈர உணவுக்கு அது இயல்பு. பறவை சுறுசுறுப்பாக இருக்கும்வரை பயப்பட வேண்டாம். குஞ்சுக்கு ஊட்டும் ஜோடிக்கு இந்த மெத்தென்ற உணவு பெரிய உதவி. குஞ்சு வேண்டாம் என்பவர்கள் தினமும் கொடுக்காமல் வாரத்தில் சில நாட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் உணவு செழித்தால் பட்ஜி முட்டையிடத் தொடங்கிவிடும்.

வீட்டுக்குப் பயறும் கடலையும் முளைகட்டுவோர் டப்பாவைத் தாராளமாக வாங்கலாம். பறவைக்கு மட்டும் என்றால் பாட்டில்; அதிலும் ஒரு லிட்டர் வேண்டாம், நாலைந்து பறவைக்கு அரை லிட்டரே மிகுதி. வலைமூடியை மட்டும் தனியாகவும் விற்கிறார்கள். அவை பெரும்பாலும் 70, 86 மில்லிமீட்டர் என்ற இரண்டு வாய் அளவுகளில் வருகின்றன. வீட்டிலிருக்கும் ஊறுகாய் பாட்டிலின் மரைக்கு அவை சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. பாட்டிலைக் கடைக்கே எடுத்துப்போய்த் திருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.