ஜப்பான் வழியா, தரவரிசை வழியா: எங்கள் ஷெட்டில் எடுத்த முடிவு

ஓசூரில் நாற்பது பேர் வேலை செய்யும் உதிரிபாக ஷெட் எங்களுடையது. ஆட்களை நடத்த ஒரு முறை வேண்டும் என்று முதலாளி சொன்னபோது இரண்டு வழிகளை அலசினோம். ஜப்பான் வழி: ஆளை நிறுத்துவதில்லை, எல்லா மெஷினிலும் பழக்குவது, கைசன் (வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்துகொண்டே போவது). அமெரிக்க வழி: வருஷா வருஷம் தரவரிசை போட்டு, கடைசியில் நிற்பவரை வீட்டுக்கு அனுப்புவது. நாங்கள் எடுத்தது ஜப்பான் வழி. அதனால் என் சாய்வு தெரிந்ததுதான்.

தரவரிசைக்குப் பேர் வாங்கித் தந்தவர் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜாக் வெல்ச்; கடைசி 10 சதவீதம் அவர் கணக்கு. மைக்ரோசாஃப்ட் அதுபோன்ற முறையை 2013-இல் விட்டுவிட்டது. எங்களிடம் அந்த 10 சதவீதம் என்றால் வருஷத்துக்கு நாலு பேர். அப்புறம் பக்கத்து மெஷின்காரருக்கு யார் தொழில் சொல்லித் தருவார்? விற்பனைப் பிரிவுக்கு ஒருவேளை ஒத்துவரலாம்.

5எஸ் (வேலை இடத்தை ஒழுங்காக, சுத்தமாக வைக்கும் ஜப்பான் முறை), ஒரே சீருடை, ஒரே கேன்டீன் எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். காசு கேட்பது 'வேலை போகாது' என்கிற வாக்குதான். கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய ஆலையை, டொயோட்டாவோடு கூட்டாக 1984-இல் நும்மி என்ற பெயரில் திறந்தார்கள். பெரும்பாலும் அதே பழைய ஆட்கள், அதே தொழிற்சங்கம். தப்பு தெரிந்தால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்று வைத்திருந்தார்கள். 1988 வாக்கில் விற்பனை படுத்தபோதும் ஆட்குறைப்பு இல்லை. பயிற்சிக்கும் கைசனுக்கும் திருப்பிவிட்டார்கள்.

எங்களிடம் கயிறு இல்லை, மெஷினுக்கு ஒரு சிவப்பு பட்டன். முதல் ஐந்து மாதம் ஒருவரும் அமுக்கவில்லை. ஒரு அண்ணன் பட்டன் பெட்டியில் சாப்பாட்டுப் பையை மாட்டியிருந்தார். கேட்டால், "அமுக்கினா ரிப்போர்ட்ல என் பேருதான சார் வரும்?" என்றார். தீபாவளி முடிந்ததும் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. யாரையும் நிறுத்தவில்லை. மெஷின்களுக்கு பெயின்ட் அடித்தோம், லேத் ஆட்களை கிரைண்டிங்கில் பழக்கினோம். சம்பளத்துக்கு முதலாளி பேங்கில் ஓவர்டிராஃப்ட் எடுத்தார். ஜனவரியில் பட்டனை முதலில் அமுக்கியது அதே அண்ணன்தான்: டிரில் முனை மழுங்கி, ஓட்டையில் பிசிறு விழுந்துகொண்டிருந்தது.

ஜப்பான் வழியில் சீனியாரிட்டி சம்பளத்தை, அதாவது வேலை பார்த்த வருஷம் கூடக்கூட ஏறும் சம்பளத்தை, மட்டும் நாங்கள் எடுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் வேறு கம்பெனிக்குத் தாவும் டிப்ளமோ பையனிடம் இருபதாவது வருஷச் சம்பளத்தைப் பேசி என்ன பயன்? இன்னொரு மந்தமான வருஷம் வந்தால் முதலாளி தாங்குவாரா என்பதும் சந்தேகம்தான்.

கான்ட்ராக்டில் வரும் பன்னிரண்டு பேருக்கு அந்த வாக்கை நாங்கள் கொடுக்கவில்லை. ஜப்பானிலும் அது பெரிய கம்பெனிகளின் நிரந்தர ஊழியருக்குத்தான். அந்தப் பன்னிரண்டு பேர் ஓட்டும் மெஷின்களில் சிவப்பு பட்டன் இன்னும் புதுசாகவே இருக்கிறது.