ஆயில் மாத்த விட்டேன், இன்ஜினே போச்சு. கார் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு படிங்க

நேத்து ராத்திரி பூரா தூக்கம் இல்ல, அந்தக் கோவத்தோடயே உக்காந்து டைப் பண்றேன், பிழை இருந்தா மன்னிச்சிடுங்க. ரெண்டு மாச சம்பளம் போச்சு மக்களே. முழுசா ரெண்டு மாச சம்பளம். நான் வண்டிய எங்கயும் இடிக்கல, தண்ணில இறக்கல, வெறும் இன்ஜின் ஆயில் மாத்தி, அத வடிகட்டுற ஃபில்டர் மாத்த விட்டேன், அவ்ளோதான்.

கடை பேரு சொல்ல மாட்டேன். கம்பெனி சர்வீஸ் சென்டர் கிடையாது, எல்லா வண்டியும் பாக்குற பெரிய சைஸ் ஒர்க்‌ஷாப், ரெண்டு லிஃப்ட் இருக்கும், ஏசி போட்ட ரூம்ல உக்கார வைப்பாங்க, பில்லு கம்ப்யூட்டர்ல வரும். அதெல்லாம் பாத்துதான் நம்பினேன்.

வேலை முடிஞ்சதும் சூப்பர்வைசர் என்னை வண்டிகிட்ட கூட்டிட்டு போனாரு. பானட்ட தூக்கி, ஆயில் அளவு பாக்குற கம்பிய, அதான் டிப்ஸ்டிக்க உருவி, வெள்ளைத் துணில தொடச்சு, மறுபடி விட்டு எடுத்து என் முகத்துக்கு நேரா நீட்டுனாரு. "பாருங்க சார், தேன் மாதிரி இருக்கு, லெவல் கரெக்டா மேல் கோட்டுல நிக்குது." உண்மைதான், நின்னுச்சு. அதப் பாத்ததும் எனக்கு மனசு நெறஞ்சு போச்சு, இவ்ளோ பொறுப்பா காட்டுறாரேன்னு அந்த மெக்கானிக் தம்பிக்கு தனியா கொஞ்சம் காசு வேற குடுத்தேன். பழைய ஃபில்டர் எங்கன்னு கேக்கணும்னு தோணவே இல்ல. டிப்ஸ்டிக் ஒழுங்கா இருந்தா கீழயும் எல்லாம் ஒழுங்கா இருக்கும்னு நெனச்சுட்டேன்.

மறுநாள் காலைல வண்டிக்கு அடியில உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை. இங்கதான் எனக்கு வயிறு எரியுது, ஏன்னா நான் அத பாத்துட்டு சும்மா போகல. உடனே அந்த சூப்பர்வைசருக்கு ஃபோன் பண்ணேன், 4 நிமிஷம் பேசியிருக்கேன், கால் லிஸ்ட்ல இப்பவும் இருக்கு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா, "அது ஃபில்டர் கழட்டும்போது சிந்துனது சார், மேல ஒட்டியிருந்தது சொட்டுது, ரெண்டு நாள்ல தானா நின்னுடும், தைரியமா ஓட்டுங்க."

தைரியமா ஓட்டுங்களாம். ஓட்டுனேன்.

அம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறேன், பின் சீட்ல படுத்திருக்காங்க. பெரிய ரோட்ல ஏறி கொஞ்சம் வேகம் எடுத்ததும் டேஷ்போர்டுல அந்த செவப்பு ஆயில் லைட்டு எரியுது. நான் இன்டிகேட்டர் போட்டு, பின்னாடி வந்த லாரிக்கு வழி விட்டு, ஓரம் கட்டுறதுக்குள்ள இன்ஜின்ல இருந்து டக் டக் டக்னு சுத்தியல் வச்சு அடிக்கிற மாதிரி சத்தம், அப்புறம் ஒரே உலுக்கா உலுக்கி அடங்கிடுச்சு. சாவிய திருப்புனா செல்ஃப் கூட சுத்தல. இறங்கி பாத்தா வந்த வழி பூரா ரோட்ல கறுப்பு கோடு. அம்மா அந்த வெயில்ல ரோட்டோரம் ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருந்தாங்க. டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டும் போச்சு.

டோ வண்டிக்காரர் பக்கத்துல இருந்த ஒரு மெக்கானிக்கிட்ட கொண்டு போய் விட்டாரு. அந்த அண்ணன் டார்ச் அடிச்சு பாத்துட்டு, ஒண்ணும் பேசாம ஃபில்டர கழட்டி என் கையில குடுத்தாரு. ஃபில்டர் வாயில ஒரு ரப்பர் ரிங் இருக்கும், இன்ஜினோட ஒட்டுற எடத்துல. அது ஒண்ணுதான் இருக்கணும். இதுல ரெண்டு. புது ரிங்குக்கு மேல பழைய ரிங் ஒட்டிட்டு இருக்கு, சூட்டுல வெந்து தட்டையாகி, கறுப்பு வளையல் மாதிரி வெறச்சு போயிருக்கு, நகத்தால கீறுனா பொடி உதிருது. ஒரு பக்கம் அப்படியே பிதுங்கி வெளிய நாக்கு நீட்டிட்டு நிக்குது. பழைய ஃபில்டர கழட்டும்போது சில நேரம் அதோட ரிங் இன்ஜின்லயே ஒட்டிக்கும், அத பாத்து எடுத்துட்டு, தொடச்சுட்டு, புது ரிங்குல கொஞ்சம் ஆயில் தடவி, ஒட்டுனதுக்கு அப்புறம் கையாலயே முக்கால் சுத்து முறுக்கணும். அவ்ளோதான் வேலை. அத பாக்க 10 செகண்ட் ஆகாது. சர்வீஸ் பண்ண அந்தத் தம்பி பாக்காம மேலயே போட்டுட்டான். ரெண்டு ரிங் இருந்தா உக்கார எடம் இல்ல, மொதல்ல சொட்டும், அப்புறம் ஆயில் பிரஷர் ஏறும்போது பிதுக்கிட்டு வெளிய வந்துடும், உள்ள இருக்குற மூணரை லிட்டரும் கொஞ்ச நேரத்துல ரோட்டுக்கு வந்துடும். நான் காலைல பாத்த கறை அந்த சொட்டுதான்.

பேரிங் எல்லாம் உருகி ஒட்டியிருக்கு, கிராங்க்ல, அதான் பிஸ்டனோட சேந்து சுத்துற இரும்புத் தண்டுல, விரல் வச்சா பள்ளம் தட்டுது. கிராங்க்க லேத்துக்கு அனுப்பி கிரைண்டிங் பண்ணி, அதுக்கேத்த சைஸ் பேரிங் போட்டு, ஆயில் பம்ப் புதுசு. மொத்த எஸ்டிமேட் என்னோட ரெண்டு மாச சம்பளம். பொண்ணு ஃபீஸுக்குன்னு எடுத்து வச்சது.

ஃபோட்டோ எடுத்துட்டு நேரா அந்த ஒர்க்‌ஷாப்புக்கு போனேன். தேன் மாதிரி பேசுன அதே ஆளு இப்ப கண்ண பாத்து பேசல. மொத நாள், ஓனர் வெளியூர் போயிருக்காரு. ரெண்டாவது நாள், ஓனர் மீட்டிங்ல இருக்காரு. மூணாவது நாள் ஓனரே வந்து, "வண்டி பழசு சார், இன்ஜின் ஏற்கனவே வீக்கா இருந்திருக்கும்"னு சொன்னாரு. ஃபோட்டோவ காட்டுனா, "இது எங்க ஃபில்டர்தானான்னு எப்படி தெரியும், வேற ஆள் கை வச்சிட்டான்ல, இனி நாங்க பொறுப்பு இல்ல." லைட்டு எரிஞ்சதும் நீங்க நிறுத்தியிருக்கணும்னு என் மேலயே திருப்புறாரு. சார், உங்க சூப்பர்வைசர்தான் ஓட்டச் சொன்னாருன்னு கால் லிஸ்ட்ட காட்டுனேன். அவரு பக்கத்துலயே நின்னுட்டு "நான் அப்படி சொல்லவே இல்லயே"ங்குறாரு. கடைசியா என்ன சொன்னாங்கன்னா, அடுத்த சர்வீஸ் லேபர் சார்ஜ் இல்லாம பண்ணி தர்றோம்னு. எந்த இன்ஜினுக்குய்யா சர்வீஸ்? ரெண்டு மாச சம்பளத்துக்கு பதிலா ஒரு தடவை ஓசி லேபர்!

எழுத்துல புகார் குடுத்திருக்கேன், கையெழுத்து போட்டு வாங்க மாட்டேன்னுட்டாங்க, ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பியிருக்கேன். விட மாட்டேன்.

என்னென்ன செய்யணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப மண்டையில நிக்கிறத மட்டும் சொல்றேன். பழைய ஃபில்டர கேட்டு வாங்கி, அதோட வாயில ரிங் இருக்கான்னு கண்ணால பாருங்க, இல்லன்னா அது இன்ஜின்லயே ஒட்டியிருக்கலாம். டிப்ஸ்டிக்க காட்டுனா மயங்காதீங்க, 5 நிமிஷம் ஸ்டார்ட்ல விட்டு, ஆஃப் பண்ணிட்டு அடியில குனிஞ்சு பாருங்க. சர்வீஸுக்கு அப்புறம் ஒரு சொட்டு விழுந்தா கூட ஃபோன்ல கேக்காதீங்க, மெசேஜா கேளுங்க, பதிலும் மெசேஜா வாங்குங்க, நான் அங்கதான் ஏமாந்தேன். அந்த செவப்பு லைட்டு ஆயில் அளவ காட்டுற லைட்டு இல்ல, பிரஷர் போச்சுன்னு சொல்ற லைட்டு, எரிஞ்சா உடனே ஓரம் கட்டி இன்ஜின ஆஃப் பண்ணுங்க. வேற மெக்கானிக் கை வைக்கிறதுக்கு முன்னாடி, ஃபில்டர் வண்டில மாட்டியிருக்கும்போதே ஆரம்பிச்சு கழட்டுற வரைக்கும் கட் பண்ணாம வீடியோ எடுங்க, நம்பர் பிளேட்டும் அதுல தெரியணும். நான் கழட்டுனதுக்கு அப்புறம் ஃபோட்டோ எடுத்ததாலதான் அவங்களுக்கு அந்த வாய் வந்துச்சு.

இன்னும் இருக்கு. மெக்கானிக் அண்ணன் கூப்பிடுறாரு, கிராங்க் லேத்துல இருந்து வந்துடுச்சாம், முன்பணம் கொண்டு வரச் சொல்றாரு, போயிட்டு வரேன்.